அரசின் உணவுப் பட்டியலும் நம் வீட்டு அடுக்களையும்

காலத்துக்குக் காலம் மாறுவன ஆடையும் அணிகலனும் மட்டும் அல்ல. ‘எதை உண்ண வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும்’ என்று அரசு மக்களுக்குக் கூறும் அறிவுரையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது ஏன் மாறியது, எப்படி மாறியது, மாறாமல் நின்றது எது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் மனையியல் கூடத்தின் சுவரில் நெடுநாளாக ஒரு படம் தொங்குகிறது. வெயில் பட்டு வண்ணம் மங்கிய படம். அதில் மூன்று வட்டங்கள் இருக்கின்றன. முதல் வட்டத்தில் அரிசி, கோதுமை, கிழங்கு, எண்ணெய், வெல்லம்; இவை ஆற்றல் தரும் உணவுகள். இரண்டாம் வட்டத்தில் பால், பருப்பு, முட்டை, மீன்; இவை உடலை வளர்க்கும் உணவுகள். மூன்றாம் வட்டத்தில் கீரை, காய், கனி. இவை நோயினின்று காக்கும் உணவுகள். இவ்வாண்டு அப்படத்தின் அருகே புதிய படம் ஒன்றை ஒட்டினோம். அது ஒரு தட்டின் படம். ஏறக்குறைய பாதித் தட்டைக் காய்கறியும் கீரையும் கிழங்கும் பழமும் நிரப்பியிருக்கின்றன. நம் தட்டில் மலைபோல் குவியும் சோறு அங்கே ஓர் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கிறது!

படத்தை ஒட்டிய அன்றே எங்களுள் ஒருத்தி கேட்டாள்: “படத்தை இப்படி மாற்றிக்கொண்டே போனால் எதைத்தான் நம்புவது?” மற்றொருத்தி தன் பாட்டி சொல்வதை எடுத்துரைத்தாள்: “அன்று வேண்டாம் என்றார்கள், இன்று வேண்டும் என்கிறார்கள். நான் என் போக்கில் சாப்பிட்டு எழுபது வயது ஆகிவிட்டது.” கேள்வி நியாயமானதே. எனவே விடை தேடிப் புறப்பட்டோம்.

குன்னூரில் ஓர் அறை

நம் நாட்டு உணவு ஆராய்ச்சியின் கதை நம் நீலகிரியிலேயே தொடங்குகிறது. 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதே அக்கூடத்தின் பணி. இந்நோய் கண்டவர்களுக்குக் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், இதயம் வலுவிழந்து உயிரும் போகும்.

நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, அரிசியைத் தீட்டும் முறை என்பது வியப்பான செய்தி. நெல்லின் தவிட்டிலும் முளைப் பகுதியிலும் ‘தயமின்’ என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. ஆலையில் பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. ஆந்திரக் கடற்கரையின் வட மாவட்டங்களில் இத்தகைய அரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளிலோ அது அரிதாகவே காணப்பட்டது. நெல்லை ஊற வைத்து ஆவியில் வேக வைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நெல் புழுக்கிய நம் பாட்டிமார் இக்காரணத்தை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்களது வழக்கம் பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மெக்காரிசன் மற்றோர் ஆராய்ச்சியும் செய்தார். 1920களில் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழைகளின் உணவை, அதாவது தீட்டிய அரிசியும் மிகச் சிறிதளவு காய்கறியும் கொண்ட உணவை உண்டவை மெலிந்து, நோய்வாய்ப்பட்டுப் பின்தங்கின. வயிறு நிரம்புவது வேறு, உடல் நிரம்புவது வேறு என்பதை அந்த எலிகள் காட்டின.

அந்த ஓர் அறைக் கூடம் 1928இல் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் பொன்விழாவை ஒட்டித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இன்று நமக்கு உணவு அறிவுரை வழங்குவது இந்நிறுவனமே.

எண்கள் பிறந்த கதை

1935இல் மெக்காரிசனுக்குப் பின் குன்னூர்க் கூடத்தின் பொறுப்பை ஏற்றவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். நம் நாட்டு அரிசி, ராகி, கம்பு, பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றில் என்னென்ன சத்துகள் எவ்வளவு இருக்கின்றன என்று சோதித்து, 1937இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குறைந்த செலவில் நிறைவான உணவைத் திட்டமிடுவது எப்படி என்பதையும் அதில் விளக்கினார். விடுதி நடத்துவோரும் மருத்துவமனையினரும் பள்ளி ஆசிரியர்களும் கையில் வைத்துக்கொள்ளத்தக்க நூல் அது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டு விரிவடைந்தது. அதன் வழிவந்ததே 2017இல் வெளியான இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல். அதில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன.

1943இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டு லட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். மறு ஆண்டு, 1944இல், இந்தியருக்கு நாள்தோறும் எவ்வளவு ஆற்றல், எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச் சத்து, எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தேவை என்னும் அட்டவணை முதன்முதலாக வகுக்கப்பட்டது. அதுவரை மேனாட்டாருக்கென வகுத்த எண்களே கைவசம் இருந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நலம். அரசு தரும் அறிவுரை இரு வகைப்படும். ஒன்று, ‘இத்தனை மில்லி கிராம் இரும்புச் சத்து வேண்டும்’ என்னும் எண் அட்டவணை. இது அறிஞர்களுக்கும் திட்டம் தீட்டுவோருக்கும் உரியது. மற்றொன்று, ‘நாள்தோறும் கீரை உண்ணுங்கள், உப்பைக் குறையுங்கள்’ என்னும் வழிகாட்டுதல். இது வீட்டில் சமைப்போருக்கு உரியது. முன்னது மாறும்போது பின்னதும் மாறும்.

எண் அட்டவணை வகுக்க ஒரு ‘மாதிரி ஆள்’ தேவை. தொடக்கத்தில் இந்திய ஆணின் மாதிரி எடை 55 கிலோ, பெண்ணின் எடை 45 கிலோ எனக் கொண்டனர். 1980களின் இறுதியில் இவை 60, 50 ஆயின. 2010இல் பெண்ணின் எடை 55 ஆயிற்று. 2020இல் ஆணின் எடை 65 ஆயிற்று. எடை கூடியிருக்க, உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு 1968இல் 1900 கிலோ கலோரி என்றிருந்த ஆற்றல் தேவை 2020இல் 1660 ஆகக் குறைந்தது ஏன்? அமர்ந்தே பணி செய்பவரின் உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை அறிஞர்கள் இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டதே காரணம். வயலில் நாள் முழுதும் கடும் உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு அதே பட்டியல் 2720 கிலோ கலோரி தருகிறது. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் நம் வீடுகளை விட்டுப் போய்விட்டன. சோற்றின் அளவு மட்டும் போகவில்லை!

பசியா, புரதமா?

அறிஞர்களும் சில நேரங்களில் தவறான திசையில் ஓடியதுண்டு. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு புரதத்தின் கதை.

1930களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், உடல் வீங்கி முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளின் நோயை விவரித்தார். தாய்ப்பாலை மறந்தபின் சத்தற்ற கஞ்சியே உணவாகப் பெற்ற குழந்தைகளுக்கு இது வந்தது. இது புரதக் குறைவால் வரும் நோய் என்று உலகம் முடிவு கட்டியது. 1955இல் ஐக்கிய நாடுகள் அமைப்பில் புரதத்துக்கெனவே ஓர் ஆலோசனைக் குழு ஏற்பட்டது. மீன் மாவும் சோயா மாவும் ஏழை நாடுகளைக் காக்கும் என்று பேசினர்.

அப்போது வேறு குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் நம் சேலத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் பயின்று, குன்னூரில் ஆராய்ச்சி செய்து, 1961இல் ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநரான டாக்டர் சி. கோபாலன்தான் அவர். நம் குழந்தைகள் வீட்டில் உண்ணும் சோறும் பருப்பும் போதிய அளவு கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடும் என்றும், குழந்தைக்கு முதன்மையாகக் குறைவது புரதம் அன்று, உணவே என்றும் அவரும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக் காட்டினர். விலை கூடிய புரத மாவைத் தேட வேண்டியதில்லை. வீட்டு உணவையே வயிறார ஊட்டினால் போதும் என்பது அதன் பொருள். 1970களில் உலகச் சிந்தனையும் இவ்வழி திரும்பியது. கோபாலன் நூறாண்டு கடந்து வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

எண்கள் ஏட்டில் நின்றுவிடவில்லை, கரண்டிக்கும் வந்தன. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1975இல் நடுவணரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பசித்த குழந்தையின் தட்டில் உணவு வைத்தன. பார்வையிழப்பைத் தடுக்க ‘வைட்டமின் ஏ’ மருந்தைச் சிறு குழந்தைகளுக்குச் சொட்டாக அளிக்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. அந்தக் காலத்து அறிவுரை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்தது: இல்லாதவருக்கு எப்படி ஊட்டுவது?

குறைவிலிருந்து மிகுதிக்கு

காலம் செல்லச் செல்ல மற்றொரு கேள்வி எழுந்தது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் நடுத்தர வீடுகளில் புகுந்தன. பின்னர் ஏழை வீடுகளிலும் புகுந்தன. ‘போதவில்லை’ என்னும் நோய் தீருமுன்னே ‘மிஞ்சிவிட்டது’ என்னும் நோயும் வந்து சேர்ந்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதை நன்கு காட்டுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்த சோகை உடையவர்கள். ஒரே பெண்ணிடம் இரண்டும் இருப்பதும் உண்டு. அவளது தட்டில் உணவு இருக்கிறது; வேண்டிய சத்து இல்லை.

இந்நிலையில்தான் 1998இல், டாக்டர் கமலா கிருஷ்ணசாமி இயக்குநராக இருந்தபோது, இந்தியருக்கான உணவு வழிகாட்டுதல் நூலைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டது. அதில் 14 அறிவுரைகள் இருந்தன. 2011இல் அவை 15 ஆயின. 2024 மே மாதம், இயக்குநர் டாக்டர் ஆர். ஹேமலதா தலைமையில் அமைந்த குழு வெளியிட்ட பதிப்பில் 17 ஆயின. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவு முறையால் வருவது என்று இப்புதிய நூல் மதிப்பிடுகிறது.

புதிய நூல் சொல்வனவற்றுள் நம் வீட்டுக்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறோம். அரிசி, கோதுமை முதலிய தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டுக்கு மேற்போக வேண்டாம். நம் நாட்டில் இப்போது 50 முதல் 70 விழுக்காடு வரை அவற்றிலிருந்தே வருகிறது. காய்கறி, கீரை, பழம் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 500 கிராமாவது வேண்டும். உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். சர்க்கரையை இயன்ற அளவு குறைக்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த, ஆலையில் பலவாறு பதப்படுத்திய பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். கடையில் வாங்கும் பொட்டலத்தின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். உடலைத் திரட்டுவதற்கென விற்கும் புரதப் பொடிகள் வேண்டாம்.

1937இல் பொட்டலத்தைப் படி என்று யாரும் சொல்லவில்லை. படிக்கப் பொட்டலமே இல்லை. அறிவுரை மாறியதற்கு முதற் காரணம் இதுவே. நாம் வாழும் முறை மாறியது. நம்மைத் தாக்கும் நோயும் மாறியது.

வெண்ணெய், முட்டை, வனஸ்பதி, உப்பு

இரண்டாவது காரணம், அறிவு வளர்ந்தது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அரசு 1943இல், போர்க்காலத்தில், உணவை ஏழு வகையாகப் பிரித்தது. அதில் வெண்ணெய்க்கெனத் தனி ஓர் இடம் இருந்தது. 1992இல் அதே அரசு ஒரு கூர்ங்கோபுரப் படம் வெளியிட்டது. அடியில் ரொட்டியும் தானியமும் அகன்று நின்றன; வெண்ணெயோ உச்சியில் ‘சிறிதளவே போதும்’ என்னும் மூலைக்குத் தள்ளப்பட்டது. 2011இல் கோபுரமும் போய்த் தட்டு வந்தது. முட்டை முதலியவற்றிலுள்ள கொலஸ்டிரால் நாளொன்றுக்கு 300 மில்லி கிராமுக்கு மேற்படக் கூடாது என்று அந்நாட்டில் நெடுநாள் இருந்த வரம்பும் 2015இல் வந்த வழிகாட்டுதலில் நீக்கப்பட்டது. உண்ணும் கொலஸ்டிராலைவிட, உண்ணும் கொழுப்பின் வகையே இரத்தத்தில் கொலஸ்டிராலை மிகுதியாகக் கூட்டுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியதே காரணம். வரம்பு நீங்கியதனால் அளவின்றி உண்ணலாம் என்பது பொருள் அன்று.

வனஸ்பதியை நம் பெற்றோர் நன்கு அறிவர். 1930களில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய அது, நெய்க்குப் பதிலாக ஏழை வீட்டு விருந்தையும் மணக்கச் செய்தது. எண்ணெயை இறுகச் செய்யும் அம்முறையில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு இதயத்துக்கு மிகவும் தீங்கானது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் அக்கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

உப்பைப் பற்றி அரசு சொல்வது முதற் பார்வைக்கு முரணாகவே தோன்றும். கழுத்துக் கழலை நோயைத் தடுக்க 1962 முதல் அயோடின் கலந்த உப்பைப் பரப்பியது அரசு. இன்று உப்பைக் குறைக்கச் சொல்வதும் அரசே. உண்மையில் இரண்டும் ஒத்துப்போவனவே: உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும், ஆனால் அளவோடு இருக்கட்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா?

ஏறி இறங்கி ஏறிய எண்

எண்கள் மாறுவதை ஏளனம் செய்வோர் இரும்புச் சத்தின் கணக்கைப் பார்த்தால் இன்னும் நகைப்பார்கள். வயது வந்த பெண்ணுக்கு நாள்தோறும் 30 மில்லி கிராம் வேண்டும் என்று 1980களின் இறுதியில் கூறினர். 2010இல் 21 போதும் என்றனர். 2020இல் 29 என்றனர். இது என்ன விளையாட்டு?

விளையாட்டன்று. நாம் உண்ணும் இரும்பு முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. நம் தானிய உணவிலிருந்து மிகச் சிறு பங்கையே உடல் உறிஞ்சுகிறது. முன்பு கருதியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே உறிஞ்சப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியபோது எண் இறங்கியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இழப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. மாதவிலக்கில் மிகுதியாக இழப்பவருக்கும் போதும்படி, ஏறக்குறைய எல்லாப் பெண்களின் தேவையையும் அடக்கிக் கணக்கிட்டபோது எண் ஏறியது. உடலின் தேவை அன்றும் இன்றும் ஒன்றே. அதை அளக்கும் கோல்தான் நுட்பமாகிவருகிறது. சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே 400, 600, 1000 மில்லி கிராம் என உயர்ந்துவந்திருக்கிறது. தன் பழைய எண்ணைத் தானே திருத்திக்கொள்ளும் அறிவை நாம் ஐயுறத் தேவையில்லை. எதையும் திருத்தாமல் ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் விற்பவரைத்தான் ஐயுற வேண்டும்.

எங்களை நிறுத்திய ஒரு வரி

அட்டவணையைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு வரியில் எங்கள் கண்கள் நின்றன. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 16 முதல் 18 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாள்தோறும் 2500 கிலோ கலோரி ஆற்றலும் 32 மில்லி கிராம் இரும்புச் சத்தும் தேவை என்று கண்டிருக்கிறது. அலுவலகத்தில் அமர்ந்து பணி செய்யும் ஆணுக்கு 2110 கிலோ கலோரியும் 19 மில்லி கிராம் இரும்பும் போதும். அதாவது, வளரும் மகளுக்கு அவளுடைய தந்தையைவிட மிகுதியான உணவு வேண்டும் என்கிறது அரசின் பட்டியல். நம் வீடுகளில் நடப்பது என்ன?

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் தாம் உண்டதை எழுதிவர வேண்டும் என்று எங்கள் மனையியல் ஆசிரியை அருட்சகோதரி கூறியிருந்தார். பெயர் எழுத வேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தார். காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடிவருவோர் பலர். ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது: “இரவில் முதலில் அப்பாவும் அண்ணனும் சாப்பிடுவார்கள். பிறகு நான். அம்மா கடைசி. ஞாயிற்றுக்கிழமை மீன் துண்டு அண்ணனுக்கு. எனக்குக் குழம்பு. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியது.” அதை அருட்சகோதரி படித்து முடித்தபின் சிறிது நேரம் வகுப்பில் யாரும் பேசவில்லை. அது யாருடைய தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்களில் பலருடைய தாளாகவும் இருக்கலாம்.

அந்த அம்மா கொடியவர் அல்லர். தமக்கே இல்லாததைத்தான் மகளுக்கும் இல்லையென்றார். குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வழக்கத்தின் விளைவு இது. ஆனால் விளைவு விளைவுதான். நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்த சோகை உடையவர்கள் என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது. வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் ஆறு பேர்! பாடம் மனத்தில் நிற்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வு என்று நாம் சொல்லும்போது ‘சோம்பேறி’ என்று பெயர் கிடைக்கிறது. பல நேரம் அது சோம்பல் அன்று, சோகை. சோகையோடு மணமாகித் தாயாகும் பெண்ணுக்கும் பிறக்கும் குழந்தைக்கும் வரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அறிஞர்கள் நூறாண்டுகளாக எண்களைத் திருத்தி வந்திருக்கிறார்கள். நம் வீட்டில் பரிமாறும் வரிசையை நாம் இன்னும் திருத்தவில்லை.

நம்மால் ஆவது

பெற்றோருக்குப் பணிவோடு சில வார்த்தைகள். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் கொல்லையிலும் சந்தையிலும் கிடைப்பவையே. ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். உணவு உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் வேண்டாம் என்று 2024ஆம் ஆண்டு நூல் கூறுகிறது. அவை இரும்பைச் சேரவிடாமல் தடுப்பவை. பயறும் பருப்பும் நிலக்கடலையும் நாள்தோறும் இருக்கட்டும். இருக்கும் மீனையும் முட்டையையும் பகிர்ந்து வையுங்கள். இயன்றால் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். ஒன்றாக அமர்ந்தால் யார் தட்டில் என்ன இருக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மகள் சோர்ந்தே இருந்தால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அட்டவணை உடல்நலம் உள்ளவர்களுக்கே. நோயுற்றவர் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. மெலிவே அழகு என்றெண்ணிக் காலை உணவைத் தவிர்ப்பவளும், பொட்டலத் தீனியால் வயிற்றை நிரப்பிக்கொண்டு பொரியலை ஒதுக்குபவளும் தன் பங்கைத் தானே இழக்கிறாள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர்கள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்! மாத்திரையை விழுங்கிவிட்டு, கீரையையும் உண்போம். நாளை அடுக்களைப் பொறுப்பு நம் கைக்கு வரும்போது, நம் மகளின் தட்டையும் நம் தட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். எதை நம்புவது? மாறியவற்றையும் மாறாதவற்றையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. எண்கள் மாறின, கொழுப்பைப் பற்றிய கருத்து மாறியது, தானியத்தின் பங்கு குறைந்தது. ஆனால் பலவகை உணவு வேண்டும், அரிசி மட்டும் போதாது, கீரையும் காயும் பருப்பும் பாலும் சேர வேண்டும் என்று குன்னூர் எலிகள் சொன்னதைத்தான் 2024ஆம் ஆண்டுத் தட்டும் சொல்கிறது. அதில் மாற்றமே இல்லை.

மனையியல் கூடத்தின் சுவரில் இரண்டு படங்களையும் அருகருகே விட்டு வைத்திருக்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில் மூன்றாவது படம் ஒன்று வரக்கூடும். நமக்குப் பின் வரும் தங்கையர் அதையும் ஒட்டட்டும். அவர்களுடைய உணவுத் தாள்களில் மீன் துண்டு யாருக்கு என்னும் கேள்விக்கு ‘எல்லோருக்கும்’ என்ற விடை இருக்குமானால், இவ்வாண்டு நாங்கள் படித்த படிப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.